கட்டடத் தொழிலில் விரயமும் மீட்சியும்



கட்டடக் கலையைப் பற்றிப் பேசுவதற்கென்று ஏற்பட்ட இச்சொற்பொழிவு வரிசையில், கோபுரத்தின் உயரத்தையோ மண்டபத்தின் எழிலையோ விஷயமாக எடுத்துக்கொள்ளாமல், கட்டடம் எழும்பும் இடத்தில் காலடியில் குவிந்து, இரவு வேளையில் லாரியில் ஏறி, ஊர்ப்புறத்து ஏரிக்கரையிலோ ஓடைப் பள்ளத்திலோ இறங்கி, மறுநாள் எவர் நினைவிலும் இல்லாமற் போய்விடும் சிதறலையும் இடிபாட்டையும் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். வேலையிடங்களில் ‘ரப்பீஸ்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடப்படும் இந்தக் குவியலுக்குள் செங்கல் இருக்கிறது, காரை இருக்கிறது, கம்பி இருக்கிறது, தேக்கு மரம் இருக்கிறது, உடைந்த ஓடும் ஓட்டையான குழாயும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கிரயம் கொடுத்து வாங்கப்பட்டவை, மலையிலிருந்தோ ஆற்றிலிருந்தோ காட்டிலிருந்தோ பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை.

நான் சொல்ல வந்தது ஒன்றே. கட்டட விரயத்தின் பெரும்பகுதி கடப்பாரை விழும் இடத்தில் பிறப்பதில்லை. வரைபடம் போடும் மேஜையிலும் ஒப்பந்தப் பத்திரம் எழுதும் அறையிலும் அது முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டுவிடுகிறது. ஆகையால் இடிபாட்டை அரைத்து ஜல்லியாக்கும் ஆலைகளை நிறுவிவிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுவோரின் அபிப்பிராயத்தோடு நான் முழுமையாக உடன்பட இயலவில்லை. ஆலை வேண்டும், ஆனால் அது கடைசி உபாயம். அதற்கு முன்னே செய்யத்தக்கவை பல உள, அவற்றைச் செய்யாமல் ஆலையை மட்டும் நம்புவது பொருளுக்கும் நியாயம் செய்வதாகாது, அதை உண்டாக்கிய உழைப்புக்கும் நியாயம் செய்வதாகாது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். டைஃபாக் என்று அழைக்கப்படும் மத்திய அரசின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு வெளியிட்டு, நம் பொறியாளர்கள் இன்றளவும் எடுத்தாளும் கணக்கின்படி, புதிதாகக் கட்டும்போது தரைப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 40 முதல் 60 கிலோ வரை கழிவு சேர்கிறது. கெட்டிக் கட்டடம் ஒன்றை இடிக்கும்போது அதே சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை விழுகிறது. 1,000 சதுர அடியில் ஒரு சாதாரணக் குடும்பம் குடியிருக்கும் வீட்டை இக்கணக்கில் வைத்துப் பார்த்தால், அதைக் கட்டுகையில் ஏறக்குறைய 3.7 டன்னிலிருந்து 5.6 டன் வரையிலும், இடிக்கையில் 28 டன்னிலிருந்து 46 டன் வரையிலும் கழிவு வெளிப்படுமென்று தெரியவரும். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தனி வீடுகள் இடிந்து அடுக்கு வீடுகளாகும் வேகத்தைக் கண்ணாற் காண்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வளவும் எங்கே போகிறது? தாழ்ந்த நிலத்தைத் தேடிப் போகிறது. நீரும் தாழ்ந்த நிலத்தைத் தேடித்தான் போகிறது என்பதே இதிலுள்ள ஆபத்து. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்து ஏரிகளின் உபரி நீரை ஏற்றுக்கொண்டு, ஒக்கியம் மடுவின் வழியாக மெல்லக் கடலுக்கு அனுப்பிவைக்கும் இயற்கையின் ஏற்பாடு. அதன் ஓரமாகிய பெருங்குடியில் நகரத்தின் குப்பை பல்லாண்டு கொட்டப்பட்டது. விளிம்பெங்கும் கட்டட இடிபாடு நிரவப்பட்டு, நிரவிய இடம் மனையாயிற்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் அதன் அண்டைப் பகுதிகளும் நீரில் நின்றதற்குக் காரணங்கள் பல இருப்பினும், நீர் தங்க வேண்டிய இடத்தில் நாம் செங்கல்லையும் காரையையும் தங்கவைத்ததும் அவற்றுள் ஒன்று என்பதை மறுக்க முடியாது. 2022-இல் அச்சதுப்பு நிலம், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது நமக்குப் பெருமை. அப்பெருமை நிலைக்க வேண்டுமானால் லாரி எங்கே இறங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நகரத்தின் ஒரு முனையில் இப்படி நீர்நிலை தூர்ந்துகொண்டிருக்க, மறுமுனையில் அதே நகரத்துக்குப் புது ஜல்லி வேண்டுமென்று செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரக் குன்றுகள் வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றன. பாலாற்றின் மணல், அள்ள அள்ளக் குறைந்து, கரையோரக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் தன்னோடு கொண்டுபோயிற்று.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்று பார்ப்பது வெறும் பழம்பெருமை பேசுவதாகாது என்று நினைக்கிறேன். ஏனெனில் அவர்களுடைய முறையில் இன்றும் பயன்படத்தக்க தொழில் அறிவு அடங்கியிருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற பழைய மச்சைக் கவனியுங்கள். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நெருக்கி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மேலே தட்டோடு பாவினார்கள். அந்தச் செங்கல் ஜல்லிக்கு முழுச் செங்கல் தேவையில்லை. சூளையில் உடைந்ததும், சுவர் கட்டும்போது துண்டானதும், பழைய சுவரிலிருந்து விழுந்ததும் அதற்குப் போதுமானதாக இருந்தன. இன்னும் பொடியாகிப் போனதைச் சுர்க்கியாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்தார்கள். சுட்ட களிமண் தூளாகிய சுர்க்கி, சுண்ணாம்போடு கூடும்போது நீருக்குள்ளும் இறுகும் குணத்தைப் பெறுகிறது. பென்னிகுவிக் துரை கட்டி 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணை இத்தகைய சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையால் எழுந்ததே. ஒரு பொருள் முழுமையாக இருக்கும்போது ஒரு வேலைக்கும், உடைந்தபின் வேறொரு வேலைக்கும், தூளானபின் மற்றொரு வேலைக்கும் உதவும்படி தொழிலே அமைந்திருந்தது. தனியே மறுசுழற்சி என்று ஒரு துறை வைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை.

சுண்ணாம்புக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர், செங்கல்லை விட மென்மையான இணைப்பைக் கொண்டது. ஆகவே அதைப் பிரிக்கும்போது காரை உதிர்கிறது, செங்கல் முழுதாகக் கைக்கு வருகிறது; சுத்தியலின் மழுங்கிய முனையால் இரண்டு தட்டுத் தட்டினால் மீதிக் காரையும் போய்விடும். சிமெண்டுக் கலவையில் கட்டிய சுவரோ வேறு விதம். அங்கே பல சமயம் இணைப்பு செங்கல்லை விடக் கடினமாகிவிடுகிறது. பிரிக்க முயன்றால் இணைப்பு நிற்க, செங்கல் பிளக்கிறது. பலத்துக்கு மேல் பலம் வேண்டுமென்று, தாழ்ந்த ஒற்றை மாடிச் சுவருக்கும் தடுப்புச் சுவருக்கும்கூடச் சிமெண்டை அளவுக்கு மீறிச் சேர்க்கும் பழக்கம், அச்சுவர் இடியும் நாளில் அதிலுள்ள ஒரு செங்கல்லும் மிஞ்சாது என்று இன்றே எழுதிவைப்பதற்கு ஒப்பாகும். பாரம் தாங்காத சுவர்களுக்குச் சுண்ணாம்பு கலந்த மெலிந்த கலவை போதும் என்பதைப் பொறியியற் கல்லூரிகளில் இன்னும் அழுத்தமாகப் போதிக்கலாம்.

பழைய வீட்டைப் பிரிக்கும் தொழில் சமீப காலம் வரையில் இந்நாட்டில் கௌரவமாகவே நடைபெற்று வந்தது. வீட்டை இடிக்க வருபவர் வீட்டுக்காரரிடம் கூலி கேட்பதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் மரத்துக்கும் இரும்புக்கும் செங்கல்லுக்கும் விலை மதித்து, வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது வழக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றிய பர்மாத் தேக்குக் கதவுகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் வரிசையாக வைத்து விற்கப்படுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் வீடு துண்டு துண்டாகத் தெருவில் கிடப்பது துயரமான காட்சிதான். ஆயினும் அக்கதவு அரைபட்டுப் போகாமல் இன்னொரு வாசலில் நிற்கப் போகிறது என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இதைவிட மேலான காரியத்தைச் செய்தது. தென்னாட்டின் பல ஊர்களில் இடிக்கப்படவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து, அந்தந்த வட்டாரத்துத் தொழிலாளர்களைக் கொண்டே மீண்டும் எழுப்பியது. பிரித்த வீடு மறுபடியும் வீடாகும் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி நமக்கு வேண்டுவதில்லை.

அவ்வளாகத்துக்கு ஆரம்பத் திட்டம் வகுத்துக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட அப்பெரியார், பழைய வீடுகளிலிருந்து கிடைத்த ஓட்டையும் கதவையும் நிலையையும் தம் புதிய கட்டடங்களில் தயங்காமல் பொருத்தினார். பூச்சு வேலையையே பல இடங்களில் விட்டுவிட்டார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பி, சுவரொன்றுக்குச் செங்கல்லில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினார். வேலையிடத்துக்கு வராத செங்கல் கழிவாவதற்கு வழியே இல்லை. அவர் பெரும்பாலும் வேலையிடத்திலேயே நின்று, கிடைத்த பொருளுக்கேற்ப வரைபடத்தை மாற்றிக்கொண்டார் என்பதை மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டுகிறேன். நாம் செய்வது இதற்கு நேர்மாறு. வரைபடத்தை முடித்துவிட்டு, அதற்குப் பொருந்தாத பொருளையெல்லாம் வெட்டித் தள்ளுகிறோம்.

வெட்டித் தள்ளுவது என்றேன். தையற்காரர் துணியை விரித்து, எல்லா உறுப்புகளையும் அதன்மேல் அடக்கிப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்கிறார். கம்பி விஷயத்தில் நம் வேலையிடங்கள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. உத்திரத்துக்கு இத்தனை, தூணுக்கு இத்தனை, வளையத்துக்கு இத்தனை என்று கம்பி வளைப்புப் பட்டியல் தயாரித்து, எந்த நீளத்தோடு எந்த நீளத்தைச் சேர்த்து வெட்டினால் துண்டு குறையும் என்று முன்னாலேயே கணக்கிட்டால், கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும் துண்டுகள் மிகச் சொற்பமாகவே இருக்கும். பட்டியல் இல்லாமல் கம்பி கட்டுபவரின் கைக்கணக்குக்கே விட்டுவிடும் இடத்தில், நீண்ட கம்பியை வெட்டிச் சிறு வளையம் செய்வதையும், அருகிலேயே அவ்வளவு நீளத் துண்டுகள் துருப்பிடித்துக் கிடப்பதையும் காணலாம். குற்றம் கம்பி கட்டுபவருடையதன்று. அவர் கையில் பட்டியல் கொடுக்காதவர்களுடையது.

தரை ஓடும் அப்படியே. அறையின் நீள அகலத்தை ஓட்டின் அளவுக்குப் பொருந்த வைத்து வரைந்தால், நான்கு ஓரங்களிலும் வெட்டுத் துண்டு விழாது. மின்சாரக் குழாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடம் எது என்பதைச் சுவர் எழுமுன் தீர்மானிக்காமல், கொத்தனார் கட்டிப் பூசி முடித்த சுவரை மின்சார வேலைக்காரர் வந்து வெட்டுவதும், வெட்டியதை மீண்டும் பூசுவதும், பிறகு குழாய் வேலைக்காரர் வந்து வேறொரு பக்கம் உடைப்பதும் நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. இதில் போவது கலவையும் செங்கல்லும் மட்டுமல்ல. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் வெயிலில் செய்த ஒரு நாள் உழைப்பும் கூடையில் அள்ளிக் கொட்டப்படுகிறது. சென்ட்ரிங் பலகைக்கு எண்ணெய் தடவி, ஆணியை நிதானமாகப் பிடுங்கி, மழைக்கு மூடிவைத்தால் அது பல தளங்களுக்கு உழைக்கும். கடப்பாரையால் நெம்பி மேலிருந்து தள்ளினால் சில தடவைகளிலேயே விறகாகிவிடும். சிமெண்டு மூட்டையைத் தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல், முன்வந்தது முன்னே போகும்படி அடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மூன்று மாதம் கடந்த சிமெண்டு வீரியம் குறைந்துபோகும் என்பதும் தெரிந்ததே. தெரிந்திருந்தும் மழைக்காலத்துக்குப் பிறகு கல்லாய் இறுகிய மூட்டைகளை வேலையிட மூலையில் காணாமல் இருப்பது அரிது. தயாராகக் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்டில் மிஞ்சுவதை என்ன செய்வது என்பதற்கும் முன்னேற்பாடு வேண்டும். வடிகால் மூடிகளையோ நடைபாதைக் கற்களையோ வார்க்கும் அச்சுகளைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேலையிடத்தில், மிச்சக் கான்கிரீட் தெருவோரச் சாக்கடையில் இறங்குவதில்லை.

இத்தனையும் செய்த பிறகும் இடிபாடு இருக்கத்தான் செய்யும். அங்கேதான் ஆலைக்கு வேலை. வட டெல்லியின் புராரியில் 2009-இல் இந்நாட்டின் இத்தகைய முதல் ஆலை தொடங்கியது; நம் சென்னையில், கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாநகராட்சியின் ஏற்பாட்டில் ஆலைகள் அமைந்திருக்கின்றன. கொண்டுவந்த இடிபாட்டிலிருந்து மரம், துணி, பிளாஸ்டிக்கைக் கையால் பிரித்து, தாடை போன்ற இயந்திரத்தில் நொறுக்கி, காந்தத்தால் இரும்பை இழுத்து, சல்லடையில் அளவு பிரித்து, நீரில் கழுவி, ஜல்லியும் மணலுமாக வெளியே அனுப்புகிறார்கள். நடைபாதைக் கற்களும் ஓரக் கற்களும் அங்கேயே செய்யப்படுவதுமுண்டு. இப்படிக் கிடைக்கும் ஜல்லியின்மேல் பழைய காரை ஒட்டிக்கொண்டிருப்பதால், அது புது ஜல்லியைவிட அதிகமாக நீரை உறிஞ்சுகிறது, எடையும் சற்றுக் குறைவு. இதை மறைக்க வேண்டியதில்லை; அறிந்து பயன்படுத்தினால் போதும். 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி 383, கான்கிரீட்டை உடைத்துப் பெற்ற ஜல்லியைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதமும், எம்25 தரம் வரையிலுள்ள கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதமும், எம்15-க்குக் கீழ்ப்பட்ட அடித்தளக் கான்கிரீட்டில் முழுமையாகவும் சேர்க்க அனுமதிக்கிறது. அனுமதி வந்து இத்தனை ஆண்டுகளாகியும், இதைத் துணிந்து எழுதும் பொறியாளர்கள் குறைவு. பழைய பொருள் என்றாலே மட்டம் என்னும் எண்ணம் படித்தவர்களிடமே அதிகம் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த ஜெர்மனியில் அந்த எண்ணத்துக்கு இடமிருக்கவில்லை. பிராங்க்பர்ட் நகரசபை 1945-லேயே இடிபாடுகளைப் பயன்படுத்துவதற்கென்று ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. சில நகரங்களில் பெண்கள் வரிசையில் நின்று, கைமாற்றி வாங்கிய செங்கற்களின் காரையைச் சுரண்டி அடுக்கினார்கள். உடைந்த செங்கல் கலந்த கான்கிரீட்டுக்கு 1951-இல் அந்நாட்டில் தர விதியே வகுக்கப்பட்டது. பெர்லினில் மிஞ்சிய இடிபாடு குவிந்து டாய்பெல்ஸ்பெர்க் என்னும் குன்றாக இன்றும் நிற்கிறது. அழிவின் நிர்ப்பந்தத்தால் அவர்கள் கற்றதை, அபிவிருத்தியின் காலத்தில் நாம் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதில்லை.

சட்டமும் நம்மிடம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த விதிகள், நாளொன்றுக்கு 20 டன்னோ ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு உண்டாக்குவோர் கான்கிரீட், மண், இரும்பு மரம் பிளாஸ்டிக், செங்கல் காரை என்று நான்காகப் பிரித்து வைக்க வேண்டுமென்று கூறின. அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை மீட்கப்பட்ட பொருளை வாங்கவும் வழி காட்டின. 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருவதாக 2025-இல் வெளியான புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களின் உரிமையாளர்மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் நம் நகரங்களில் இடியும் வீடுகளும் எழும் வீடுகளும் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் வராத சிறு மனைகளிலேயே இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர் தம் இரண்டு லாரி இடிபாட்டை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, எவ்வளவு கட்டணம் என்பது அவருடைய வட்டத்திலேயே தெரியும்படி சேகரிப்பு இடம் இருந்தாலொழிய, ஏரிக்கரைதான் அவருக்கு மலிவான இடமாக இருக்கும்.

இடிப்பு இன்று இயந்திரத்தின் வேலையாகிவிட்டது. ஜேசிபி வந்தால் சில நாட்களில் மனை வெறுமையாகிவிடும். கையால் பிரித்தால் வாரக் கணக்கில் ஆகும். வங்கிக் கடனின் வட்டியும் வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் விரைவையே விரும்புவார். அதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் இயந்திரத்தின் பல்லில் செங்கல்லும் தேக்கும் கல்நார்த் தகடும் ஒன்றாய் நொறுங்கிக் கலந்த பிறகு, எந்த ஆலையாலும் அவற்றை ஒழுங்காகப் பிரித்தெடுக்க முடியாது. அந்தப் புழுதியில் நிற்பவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கல்லின் நுண்தூள் நெஞ்சில் படிந்து நுரையீரலை இறுகச் செய்யும் சிலிகோசிஸ் நோய்க்கும், கல்நார் நார்கள் விளைவிக்கும் புற்றுநோய்க்கும், ஒரு துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்பவரே முதலில் ஆளாகிறார். நீர் தெளித்து, கல்நார்த் தகட்டை உடைக்காமல் முதலில் கழற்றி ஒதுக்கி, கதவு, சன்னல், மரம், ஓடு, குழாய், மின்கம்பி என்று மேலிருந்து கீழாகப் பிரித்தபின் சுவருக்கும் கூரைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தால், சில நாட்கள் கூடுமேயன்றிப் பெரும் நஷ்டம் நேராது. மீட்ட சாமானின் விலை அந்நாட்களின் செலவில் பெரும்பகுதியை ஈடுசெய்யும்.

ஆகவே நான் கோருவது மிகச் சிறிய மாற்றம். இன்றைய ஒப்பந்தப் பத்திரங்களில் ‘பழைய கட்டடத்தை அகற்றி மனையைச் சுத்தம் செய்தல்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும் இனத்தை, ‘பிரித்தல்’, ‘இடித்தல்’, ‘ஏற்றி உரிய இடத்தில் ஒப்படைத்தல்’ என்று மூன்று இனங்களாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி நாளும் தனி விலையும் குறித்து, ஆலையின் எடைச் சீட்டைக் காட்டினாலன்றி மூன்றாவது இனத்துக்குப் பணம் இல்லை என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். பொதுப்பணித்துறையின் விலை அட்டவணையில் பிரிக்கும் வேலைக்கு நியாயமான விகிதம் நிச்சயிக்கப்பட்டால், தனியார் ஒப்பந்தங்களும் அதைப் பின்பற்றும். கட்டட அனுமதி கோரும் விண்ணப்பத்தோடு, இடிபடவிருக்கும் பழைய கட்டடத்தில் என்னென்ன சாமான் எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலையும் இணைக்கச் சொல்லலாம். அப்பட்டியலைத் தயாரிக்கும் பயிற்சியை இக்கல்லூரி மாணவர்கள் இந்தப் பருவத்திலேயே, தங்கள் தெருவில் இடியக் காத்திருக்கும் ஒரு வீட்டை அளந்து தொடங்கிவிடலாம் என்று ஆசிரியப் பெருமக்களிடம் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.